ஒரு சென்டர் ஃபார்வர்டு மேனேஜரான கதை

விருத்தாசலம் பீங்கான் பேட்டை அணிக்காகப் பதினெட்டு வருடம் சென்டர் ஃபார்வர்டாக ஆடியிருக்கிறேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். நிமிரட்டும், என் நெஞ்சுதானே. வேலை என்னவோ அச்சு மேஸ்திரி. கப்பு, பொம்மை, ஃபியூஸ் கட்டை என்று எதை வார்ப்பதானாலும் முதலில் அதற்கு பிளாஸ்டரில் ஓர் அச்சு வேண்டும். அதைச் செய்கிறவன் நான். ஆனால் ஊரில் யாரும் என்னை அந்த வேலையை வைத்து அடையாளம் சொல்ல மாட்டார்கள். "யாரு, அந்த கோல் அடிக்கிறவரா?" என்றுதான் கேட்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என் மாமனார் முதலில் கேட்டது சம்பளத்தை அல்ல. நல்லூர்க்காரர்களுக்கு எதிராக நான் அடித்த மூன்று கோலைப் பற்றித்தான் கேட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு என் வலது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. கிளப்பின் தலைவர், கடைத்தெருவில் பீங்கான் பாத்திரக் கடை வைத்திருந்த பாய். பல வருடம் வளைகுடாவில் ஒரு கட்டடக் கம்பெனியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே அவருக்கு சூப்பர்வைசராக இருந்தவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். அந்த மனிதர் தன் சொந்த ஊர் கிளப்பில் சென்டர் ஃபார்வர்டாக ஆடி, பிறகு அதே கிளப்புக்கு மேனேஜராகி, அதற்கும் பிறகு ஏனோ பாலைவனத்துக்கு வந்து சிமெண்டு மூட்டைகளை மேய்த்துக்கொண்டிருந்தவர். பாய்க்கு அவர் மேல் அப்படியொரு பக்தி. டீ ஆறிப்போனாலும் சரி, மழை பெய்தாலும் சரி, "எங்க ஸ்காட்லாந்துக்காரரு என்னா சொல்வாரு தெரியுமா" என்று ஆரம்பித்துவிடுவார்.

ஒருநாள் நான் நொண்டிக்கொண்டே கடைக்குள் வருவதைப் பார்த்தவர், கல்லாப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு விசிலை எடுத்து என் கையில் வைத்தார்.

"மேஸ்திரி, அவரும் கோல் அடிச்ச மனுஷன்தான். காலு போனதும் மேனேஜர் ஆயிட்டாரு. நீங்களும் ஆயிடுங்க. ஆனா ஒண்ணு, மேனேஜர் ஆன மொத நாளே அவரு தன்னோட பூட்ஸ வித்துட்டாராம்."

"அவருக்கென்னா பாய், குளிர் ஊர்க்காரரு. காலே வெறச்சிப் போயிருக்கும்" என்று சிரித்தேன். விசிலை வாங்கிக்கொண்டேன், பூட்ஸை விற்கவில்லை. பையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஆட்டக்காரர் பட்டியல் எழுதும்போது கடைசிப் பெயராக என் பெயரை நானே எழுதிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துப் பெரிய போட்டி ஆயுத பூஜையை ஒட்டி நடக்கும். பீங்கான் வேலையில் சூளை எரிய ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் ஆள் இருந்தே தீர வேண்டும். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் சூளைக்காரர் வர மாட்டார். ஆயுத பூஜைக்குத்தான் எல்லாச் சூளைகளும் ஒன்றாக ஆறும். அன்று பூஜையில் வைத்த எதையும் தொடக் கூடாது என்பதால் எங்கள் பந்தும் பூட்ஸும்கூட சந்தனம் குங்குமத்தோடு சும்மா உட்கார்ந்திருக்கும். மறுநாள் விஜயதசமியன்று இறுதி ஆட்டம். கோப்பையை வருடாவருடம் சேத்தியாத்தோப்புக்காரர்கள்தான் கொண்டுபோனார்கள். பதினெட்டு வருடத்தில் நான் கணக்கில்லாமல் கோல் அடித்தேனே தவிர, அந்தக் கோப்பையின் கைப்பிடியைக்கூடத் தொட்டதில்லை. இதை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அதுவே எனக்கு உறுத்தும்.

நான் மேனேஜரான முதல் வருடம் இறுதி ஆட்டம் எங்கள் மைதானத்தில். சூளைகளுக்குப் பின்னால் இருக்கும் மைதானம் அது. கோல்போஸ்டுகளுக்கு முன்னால் மட்டும் கால்பட்டுக் கால்பட்டுப் பள்ளமாகியிருக்கும். வேறு ஊர்க்காரனாக இருந்தால் நாலு வண்டி செம்மண்ணைக் கொட்டி மிதித்திருப்பான். நான் பீங்கான் பேட்டைக்காரன் ஆயிற்றே. வார்ப்புத் தொட்டிகளில் மிஞ்சிப்போன வெள்ளைக் களிமண்ணைத் தொட்டி தொட்டியாகக் கொண்டுவரச் சொல்லி இரண்டு பள்ளத்தையும் நிரப்பி, அச்சுக் கத்தியால் நானே மட்டம் பார்த்து இழைத்தேன். நாலு நாளில் காய்ந்து சிமெண்டுத் தரை மாதிரி பளபளத்தது. வந்தவர் போனவர் எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, "மேனேஜர்னா இவருதான்யா மேனேஜர்" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆயுத பூஜை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. களியோடு பிறந்து வளர்ந்தவன் நான். களியில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் பேட்டையில் கைக்குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். எனக்கு மட்டும் அது உறைக்கவில்லை. மழை பெய்யப் பெய்ய, நாளைக்கு யாரை எங்கே நிறுத்துவது என்று வீட்டில் சாய்ந்து உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆட்டத்தில் எங்கள் கோல்கீப்பர் முதல் பந்துக்கே வழுக்கி உட்கார்ந்தார். அவர் சூளைக்காரர். நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கப் பழகியவர், வெண்ணெய் மேல் நிற்கப் பழகியவரல்ல. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று பின்தங்கினோம். கடைசிக் கால் மணி நேரம் இருக்கும்போது எனக்குள் இருந்த சென்டர் ஃபார்வர்டு விழித்துக்கொண்டான். எங்கள் அணியின் புது சென்டர் ஃபார்வர்டு, அச்சில் களி வார்க்கும் காஸ்டிங் பகுதியில் வேலை செய்தவன், நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தான். அவனை வெளியே கூப்பிட்டுவிட்டு நான் உள்ளே இறங்கினேன். ஊர் கைதட்டியது. பொய் சொல்ல மாட்டேன், அந்தக் கைதட்டல் தேனாக இனித்தது.

ஆட்டம் முடியும் நேரத்தில் பந்து என் காலுக்கு வந்தது. அவர்கள் கோல்கீப்பர் வழுக்கி விழுந்து எழுந்திருக்கப் போராடிக்கொண்டிருந்தார். எதிரே காலி கோல்போஸ்ட். இடது காலை ஊன்றி வலது காலை ஓங்கினேன். ஊன்றிய இடம் நான் இழைத்த களி. அடுத்து எனக்குத் தெரிந்தது வானம்தான். பந்து மெதுவாக உருண்டு அந்த கோல்கீப்பரின் மடியில் போய் உட்கார்ந்தது.

கடைத்தெருவில் ஒரு மாதம் தலைகாட்ட முடியவில்லை. "யானைக்கும் அடி சறுக்கும், விடுங்க" என்று ஒருவர் ஆறுதல் சொல்வார். உடனே பக்கத்தில் இருப்பவர், "சறுக்கும்தான். ஆனா நம்ம யானை தானே எண்ணெய ஊத்திட்டு இல்ல நடந்துச்சு" என்பார். கோபம் வரும். ஆனால் சொல்வது உண்மையாக இருக்கும்போது கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விழுங்கிக்கொண்டு போவேன்.

கிளப் கூட்டத்தில் விசிலைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி ஏழெட்டுக் குரல் எழுந்தது. பாய் கையமர்த்தினார்.

"இன்னும் ஒரு வருஷம் பாப்போம்" என்றார் அவர்களிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஆனா மேஸ்திரி, அடுத்த விஜயதசமிக்குக் கோப்ப வரலன்னா நீங்களே விசிலக் கொண்டாந்து குடுத்துடுங்க. நான் வந்து கேக்கறாப்புல வெச்சிக்காதீங்க."

விசில் போனால் எனக்கு மைதானமே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆட முழங்கால் இல்லை. ஆட்டுவிக்கவும் உரிமை இல்லை என்றால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நான் யார்? பிளாஸ்டர் கரைக்கிற ஒரு ஆள். அந்த நினைப்பு என்னைப் பயமுறுத்தியது. நாற்பது வயதில் எனக்கு அப்படியொரு பயம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

முதலில் செய்ய வேண்டியது எது என்று மனசுக்குத் தெரிந்தது, கால்தான் நகரவில்லை. நான் வெளியே இழுத்த அந்த சென்டர் ஃபார்வர்டு என்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்தான். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அவன் வேலை செய்யும் யூனிட்டுக்குப் போனேன். வரிசையாக அச்சுகளில் களிக்கூழை ஊற்றிவிட்டு, அவை இறுகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லாமே நான் செய்த அச்சுகள்.

"தப்புப் பண்ணிட்டேன்பா" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததைக் கேட்டு எனக்கே ஆச்சரியம்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. ஓர் அச்சைக் காட்டினான். "இத இப்பத் தெறந்தா என்னாண்ணா ஆவும்?"

"குழைஞ்சி உழுந்துடும்."

"இன்னும் பத்து நிமிஷம் உட்டிருந்தீங்கன்னா நான் அன்னிக்கி கோல் போட்டிருப்பேன். அதுக்குள்ள தெறந்துட்டீங்க. அச்சு செய்யற ஆளு நீங்களே இப்பிடிப் பண்ணலாமா?"

மறுநாள் என் பூட்ஸை அவனிடமே கொண்டுபோய் நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "வேணாம்ணா. இதப் போட்டா உங்க கோவமும் சேந்து வந்துடும்" என்றான். அவன் சிரித்ததில் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. பூட்ஸை ரயில்வே ஜங்ஷனுக்கு வெளியே செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்தேன். அதற்குப் பதிலாக அவர் கிளப்பின் கிழிந்த பந்துகள் இரண்டைத் தைத்துத் தந்தார். பாயிடம் போய்ச் சொன்னேன். ஸ்காட்லாந்துக்காரரே நேரில் வந்த மாதிரி அவர் எழுந்து நின்று கைகொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் மேனேஜர் வேலை என்றால் என்னவென்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. கோல்போஸ்ட் பள்ளங்களிலிருந்து களியைச் சுரண்டி எடுத்துவிட்டுச் செம்மண் போட்டோம். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களுக்கும் ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்கும் நடுவே கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் பயிற்சி. பாதிப் பேர் வெள்ளைத் தூசோடு வருவார்கள், பாதிப் பேர் குளித்துத் திருநீறோடு வருவார்கள். விளையாட ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் எல்லோரும் ஒரே நிறமாகிவிடுவார்கள்.

என் பெரிய தலைவலி லெஃப்ட் பேக். பேக்கிங் பகுதியில் பெட்டிக்குள் வைக்கோல் அடைக்கிற வேலை அவனுக்கு. காற்றாக ஓடுவான். ஆனால் பந்து எதிரணி கோல் பக்கம் போய்விட்டால் போதும், இவனுக்குக் கால் அரிக்கும். தன் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு கோல் அடிக்க ஓடிவிடுவான். அரையிறுதியில் வேப்பூர்க்காரர்கள் அந்தக் காலி இடத்தில் புகுந்து இரண்டு கோல் போட்டார்கள். நாங்கள் மூன்று போட்டதால் மூச்சு வந்தது. ஆட்டம் முடிந்ததும் அவனைப் பிடித்துத் திட்டினேன்.

"உன்ன எங்க நிக்கச் சொன்னேன், நீ எங்கடா போற?"

"கோல் அடிக்கணும்னு ஆச இருக்குதுண்ணா. உங்களுக்கு இருந்ததில்லியா?"

பதினெட்டு வருடம் என் பின்னால் யார் நின்றார்கள், யார் ஓடினார்கள், யார் என் இடத்தை அடைத்தார்கள் என்று நான் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. கோலை மட்டும் பார்த்தேன். கோப்பை ஏன் வரவில்லை என்பதற்கு ஊரில் பல காரணம் சொல்வார்கள். அதில் ஒரு காரணம் நான்தான் என்பதை அன்றைக்குத்தான் எனக்கு நானே ஒப்புக்கொண்டேன். கசந்தது. ஆனால் கசந்த பிறகு வேலை சுலபமாகிவிட்டது.

அந்த வருட ஆயுத பூஜைக்கு வீட்டில் என் அச்சுக் கத்தி, மனைவியின் தையல் கத்தரி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் மணைமேல் ஏறிவிட்டன. மனைவி குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு தேடினாள்.

"ஏங்க, பூட்ஸு எங்க?"

"குடுத்துட்டேன்."

"அப்ப பந்தாட்டத்துக்கு எத வெக்கப் போறீங்க?"

யார் எங்கே நிற்க வேண்டும் என்று வருடம் முழுக்க எழுதி, அடித்து, திரும்ப எழுதிய நாற்பது பக்க நோட்டு ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் கொண்டுவந்து வைத்தேன். அவள் குங்குமம் வைப்பதற்கு முன்னால் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுல உங்க பேரு எங்கியுமே காணுமே?"

"இல்ல. எழுதல."

"அப்ப ஜெயிச்சிடுவீங்க" என்று சொல்லி நோட்டின் அட்டையில் பெரிய பொட்டாக வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் என் ஆட்டத்தைப் பற்றிச் சொன்ன ஒரே கருத்து அதுதான்.

இறுதி ஆட்டம் அந்த வருடம் சேத்தியாத்தோப்பில். பாய் தன் கடைக்குச் சாமான் ஏற்றும் டெம்போவைக் கொடுத்தார். பீங்கான் உடையாமல் இருக்கப் பரப்பிய வைக்கோல் மேலேயே உட்கார்ந்து போனோம். பின்னால் இரண்டு பஸ்ஸில் பேட்டைக்காரர்கள். வெள்ளாற்றுப் பக்கத்து மைதானம், வெயில் சுள்ளென்று அடித்தது. மழை இல்லை. நான் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டதை யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இடைவேளைக்கு முன்னாலேயே அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். லெஃப்ட் பேக் முன்னால் ஓடியிருந்தான், அதே ஓட்டை. இடைவேளையில் நான் அவனைத் திட்டவில்லை. "இனிமே நான் பந்தப் பாக்க மாட்டேன்டா. உன்னத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். நீ நவுந்தா கத்துவேன்" என்று மட்டும் சொன்னேன். அவன் தலையாட்டினான்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எங்கள் சென்டர் ஃபார்வர்டு தலையால் முட்டி ஒன்றுக்கு ஒன்று ஆக்கினான். பேட்டைக்காரர்கள் எழுந்து குதித்ததில் புழுதி பறந்தது. ஆட்டம் இறுகியது. கடைசிக் கால் மணி நேரத்தில் அதே சென்டர் ஃபார்வர்டுக்குத் தொடைச் சதை பிடித்துக்கொண்டது. காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"மேஸ்திரி, எறங்குங்க! நீங்க எறங்குங்க!" என்று எங்கள் ஊர்க்காரர்களே கத்த ஆரம்பித்தார்கள். போன வருடம் நான் மல்லாந்ததைப் பார்த்துச் சிரித்த அதே வாய்கள். ஜனங்களுக்கு மறதி எவ்வளவு பெரிய வரம்! பாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின. ஒரு நொடி, பட்டியலில் பெயர் எழுதாமல் போனோமே என்றுகூட நினைத்தேன். அதை மறைக்க மாட்டேன்.

கோட்டோரம் ஓடிப்போய் அவன் தொடையை நானே பிடித்துவிட்டேன். "வெளிய வந்துடட்டுமாண்ணா?" என்றான் முகம் சுளித்து.

"வேணாம். அச்சு இன்னும் எறுகல. நீ ஓடாத, ஓரமா போயி நில்லு. பந்து உன்னத் தேடி வரும்."

அவனுக்குப் புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, வலது ஓரத்தில் போய் நொண்டிக்கொண்டு நின்றான். நொண்டுகிறவன்தானே என்று சேத்தியாத்தோப்புக்காரர்கள் அவனைக் கவனிப்பதை விட்டுவிட்டார்கள்.

முடிய இரண்டு மூன்று நிமிடம்தான் இருக்கும். எங்கள் பிள்ளைகள் பந்தை அவர்கள் கோல் பக்கம் கொண்டுபோனார்கள். மைதானமே அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. நான் இந்தப் பக்கம் பார்த்தேன். நினைத்தபடியே லெஃப்ட் பேக் நடுக்கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டான். எனக்கு ரத்தம் கொதித்தது.

"டேய்! பின்னால போடா! எடத்த உட்டு எங்கடா போற? போ, போ, போ!"

விசிலைக் கீழே எறிந்துவிட்டு இரண்டு கையாலும் துரத்தினேன். தொண்டை கிழிந்தது. அவன் பயந்துபோய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்பக்கமாகவே ஓடினான். சரியாக அந்த நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் இடி இறங்கின மாதிரி ஒரு சத்தம்.

திரும்பினேன். கோல்போஸ்டில் கட்டியிருந்த மீன்வலை ஆடிக்கொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் ஒன்பது பேர் ஒரு மூலையில் ஒருவர் மேல் ஒருவராக விழுந்து கிடந்தார்கள். அந்தக் குவியலுக்கு அடியில் இருந்தது யார் என்று தெரியவில்லை.

"யாருடா அடிச்சது?" என்று லெஃப்ட் பேக்கிடம் கத்தினேன்.

"எனக்கு எப்பிடிண்ணா தெரியும்?" என்று அவனும் கத்தினான். "நான் உங்களத்தான பாத்துக்கிட்டு இருந்தேன்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பதினெட்டு வருடம் கோல் அடித்தபோதெல்லாம் ஊர் என்னை நோக்கி ஓடி வந்தது. அன்றைக்கு எல்லோரும் எனக்கு எதிர்த்திசையில் ஓடினார்கள், ஒருவர்கூட என் பக்கம் வரவில்லை. அந்த மாதிரி ஒரு சந்தோஷம் என் உடம்பில் அதற்கு முன்னால் ஓடியதே இல்லை. "சிரிச்சது போதும், இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்குது, உன் எடத்துல நில்லு" என்று அவனைத் தள்ளிவிட்டேன். அவன் நின்றான். அசையாமல் நின்றான். அந்த வழியாக அதற்குப் பிறகு ஒரு பந்தும் வரவில்லை.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போதுதான் எனக்கு விவரம் தெரிந்தது. ஓரத்தில் நொண்டிக்கொண்டு நின்றவனுக்குத்தான் பந்து போயிருக்கிறது. அடித்தது அவன்தான். இடது காலால் என்றார் கோல்கீப்பர். வலது கால் என்றார்கள் மூன்று பேர். அடித்தவனைக் கேட்டால், "ஞாபகம் இல்லண்ணா" என்று பல்லைக் காட்டினான். பாய் டிரைவர் பக்கத்திலிருந்து தலையை வெளியே நீட்டி, அப்படியே கம்பத்தில் பட்டு உள்ளே போனதாக ஒரு கதை சொன்னார். ஆடும் டெம்போவில் வைக்கோல் மேல் எழுந்து நின்று ஆளாளுக்கு நடித்துக் காட்டினார்கள். கம்மாபுரம் தாண்டும்போது எல்லோருக்கும் தொண்டை கட்டிவிட்டது. நான் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்கு இன்னும் வெளங்கல, மொதல்லேர்ந்து இன்னொரு வாட்டி சொல்லுங்கடா" என்றேன்.